மாமன் முறுக்கும் டர்ன்டேபிளும்

தஞ்சோங் கிளிங் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் ரயில் விட்டிருக்கிறார்கள். ரயில் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஹோட்டல் வாசலில் புறப்பட்டு, கடலை ஒட்டி ஒரு கிலோமீட்டர் ஓடி, சவுக்குத் தோப்பு ஓரத்தில் நின்று, வந்த வழியே திரும்பிப் போகும். நாலு பெட்டி, ஒரு எஞ்சின், அவ்வளவுதான். அந்த எஞ்சினும் ஏதோ ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பழக்குலை இழுத்துக்கொண்டிருந்த டீசல் வண்டி. அதற்குக் கறுப்புச் சாயம் பூசி, தகரத்தில் ஒரு புகைபோக்கி மாட்டி, உள்ளே புகை விடும் மெஷின் ஒன்றையும் வைத்து, நூறு வருடத்து நீராவி எஞ்சின் ஆக்கிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களும் நம்புகிறார்கள். நம்பாமல் என்ன செய்வது, டிக்கெட் வாங்கியாயிற்றே.

அந்த டீசல் வண்டி பின்னோக்கியும் நன்றாகவே ஓடும். ஆனால் புகைபோக்கி பின்னால் வருகிற ரயிலை யார் போட்டோ எடுப்பார்கள்? ஆகவே எஞ்சினின் முகத்தைத் திருப்ப வேண்டும். ஹோட்டல் பக்கம் இடம் தாராளம், தண்டவாளத்தையே வளைத்துப் போட்டுவிட்டார்கள். தோப்புப் பக்கம் இடமில்லை. அங்கே ஒரு வட்டப் பள்ளம் தோண்டி, எங்கிருந்தோ ஒரு பழைய டர்ன்டேபிளைக் கொண்டுவந்து வைத்தார்கள். நடுவில் ஓர் அச்சு, அதன் மேல் எஞ்சின் நிற்கிற அளவுக்கு ஒரு இரும்புப் பாலம், பாலத்தின் இரண்டு முனையிலும் தள்ளுவதற்கு ஒரு கம்பு. மோட்டார் கிடையாது. ஆள்தான் தள்ள வேண்டும். அதைத்தான் எல்லாரும் வீடியோ எடுக்கிறார்கள்.

பன்னிரண்டு டன் எஞ்சினை இரண்டே ஆள் தள்ளிவிடலாம் என்றால் சிரிப்பீர்கள். தள்ளலாம். எஞ்சின் சரியாக நடுவில் நிற்க வேண்டும், அதுதான் விஷயம். பாரம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் முனையில் உள்ள சக்கரங்கள் பள்ளத்துத் தண்டவாளத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும், வயதான ஆள் தள்ளினாலும் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு சாண் முன்னே பின்னே நின்றுவிட்டால் இருபது பேர் வந்து மல்லுக்கட்டினாலும் அசையாது.

அந்த இரண்டு ஆளில் ஒருவர் வடிவேலு. ஐம்பத்தெட்டு வயது, தங்கா பத்து என்கிற ஊரில் வீடு. இன்னொரு முனையில் ஹரிதாஸ். வடிவேலுவின் ஒரே தங்கை நிர்மலாதேவியின் புருஷன். இந்த வேலையை ஹரிதாசுக்கு வாங்கிக் கொடுத்ததே வடிவேலுதான். மச்சானும் மாப்பிள்ளையுமாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை எஞ்சினைத் திருப்புகிறார்கள். மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வடிவேலுவைக் கேட்டால் மாப்பிள்ளை காட்டிக் கொடுத்துவிட்டான் என்பார். நடந்தது என்ன என்று நான் சொல்கிறேன். டேபிளைத் தண்டவாளத்தோடு சேர்த்துப் பிடிக்க இரண்டு முனையிலும் இரும்புப் பூட்டு உண்டு. அதன் பிடி வடிவேலு பக்கம். பிடியைத் தள்ளினால் இரண்டு பூட்டும் ஒன்றாக நகரும். தள்ளுவதற்கு முன்னால் "பூட்டு போடுறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. ஒரு சனிக்கிழமை, அந்த முனையில் ஹரிதாஸ் பூட்டில் சிக்கிய மணலை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். இந்த முனையில் இவர் காதில் போனை வைத்துக்கொண்டு, குரலும் கொடுக்காமல், காலாலேயே பிடியை ஒரு தள்ளு தள்ளினார். ஹரிதாசின் இடது கைச் சுண்டுவிரலில் பாதி போயிற்று.

விசாரணையில் மேனேஜர் கேட்டார். ஹரிதாஸ், "மச்சான் போன்ல பேசிக்கிட்டிருந்தாரு" என்று உள்ளதைச் சொன்னார். வடிவேலுவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவ்வளவுதான், மனுஷன் குதி குதி என்று குதித்தார். சொந்த மச்சான் என்று பார்த்தானா? ஒரு பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடுமா? ஆஸ்பத்திரிக்குப் போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உண்மையில் அவருக்கு அந்தக் கையைப் பார்க்கப் பயம். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் கோபம் என்று சொல்லிக்கொண்டார்.

பேசாமல் வேலை நடக்குமா? எஞ்சின் ஓட்டுகிற குகன் நடுவில் மாட்டிக்கொண்டான்.

"குகா, பூட்டு எடுத்தாச்சுன்னு அவருகிட்ட சொல்லு."

"ஹரிதாஸ் அண்ணே, பூட்டு எடுத்தாச்சாம்."

"சரின்னு சொல்லு."

"சரியாம்ண்ணே."

மூன்று வருடமாக இந்தக் கூத்து. இருவருக்கும் நடுவில் இருபத்தைந்து அடிகூட இருக்காது.

இந்த வருடம் நிர்மலாவின் மகள் தேவிஸ்ரீக்குக் கல்யாணம் முடிவானது. வடிவேலுவுக்குப் பிள்ளை இல்லை. தேவிஸ்ரீக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்கார்ந்தாள். அவள் பெரியவளானபோது சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான். மணவறையில் தாய்மாமனாக நிற்க வேண்டியவர் இவர் ஒருவர்தான், வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. பேச்சு இல்லாவிட்டால் என்ன, முறை முறைதானே என்று தெம்பாக இருந்தார்.

கல்யாணத்துக்கு ஆறு வாரத்துக்கு முன் குகன் எஞ்சினிலிருந்து தலையை நீட்டிச் சொன்னான். "அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு ஹரிதாஸ் அண்ணனும் அக்காவும் உங்க வீட்டுக்கு வர்றாங்களாம். பத்திரிகை வைக்க."

"சரின்னு சொல்லு" என்றார் வடிவேலு. உள்ளே குளிர்ந்துபோயிற்று.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் மாமன் முறுக்கு என்று ஒன்று இருக்கிறதே! வடிவேலுவின் கல்யாணத்தில் அவருடைய தாய்மாமன், அப்பாவை மூன்று தடவை நடக்கவிட்டுத்தான் பத்திரிகைத் தட்டை வாங்கினார். முதல் தடவை கூப்பிட்டதும் ஓடிப்போனால் மாமனுக்கு என்ன மரியாதை? ஒரு தடவை வந்து திரும்பட்டும், மறுபடி வருவார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு, "வா, கிளேபாங் போய் கோகனட் ஷேக் குடிச்சிட்டு வரலாம்" என்று மனைவி இந்திராதேவியைக் கூட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். இந்திராதேவிக்கு எதுவும் தெரியாது. முப்பது வருடத்தில் இந்த மனுஷன் தானாக எங்கேயும் கூப்பிட்டதில்லையே என்று சந்தோஷமாகக் கிளம்பி வந்தாள், பாவம்.

ஆறு மணிக்குத் திரும்பினார்கள். பக்கத்து வீட்டு சாஹிரா வேலிக்கு வந்தாள்.

"எங்கண்ணே போனீங்க? உங்க தங்கச்சியும் மாப்பிள்ளையும் தட்டோட வந்து ஒரு மணி நேரம் நின்னாங்க. வெயில்னா அப்படி வெயில்லா! எங்க வீட்டுல வந்து உக்காருங்கன்னு எவ்வளவோ கூப்பிட்டேன். மாமனுக்குக் கொண்டாந்த தட்டை வேற வீட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு அந்த அக்கா கையிலயே வெச்சுக்கிட்டு நின்னாங்க. போறப்ப அழுதுட்டாங்க."

இந்திராதேவி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா, அவங்க வர்றது?"

அவர் சாவியை எடுத்துக் கதவைத் திறக்கப் போனார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"நல்லா இருக்கீங்க! இனி ரெண்டாந்தரம் வரமாட்டாங்க, பாத்துக்கிட்டே இருங்க."

"வருவாங்க. வராம எங்க போவாங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கடுத்த ஞாயிறும் உட்கார்ந்தார். கார் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போவார். ஐந்து ஞாயிறு போயிற்று. வேலையில் குகனுக்குப் பத்திரிகை வந்தது, சமையலறை லத்தீஃபாவுக்கு வந்தது, வாசல் காவலாளிக்குக்கூட வந்தது. போய்க் கேட்டுவிடலாம் என்று தினமும் நினைத்தார். கம்பைப் பிடித்ததும் வாய் அடைத்துக்கொள்ளும். ராத்திரி படுத்தால் தூக்கம் இல்லை, காலையில் எழுந்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. எட்டுத் தடவை எஞ்சினைத் திருப்பி முடிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடுகிறது. கோபத்தைக் கட்டிச் சுமப்பதும் ஒரு வேலைதான். அதற்கு லீவு கிடையாது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மூன்று மணி வண்டியோடு ஹரிதாசுக்கு லீவு தொடங்குகிறது, தோட்ட வேலை செய்கிற ஒருவரை ஒரு வாரத்துக்கு அவர் இடத்தில் போட்டிருந்தார்கள். இன்றைக்கு விட்டால் இனிக் கிடையாது என்று வடிவேலுவுக்குத் தெரியும். காலையிலிருந்து நாலு தடவை எஞ்சினைத் திருப்பினார்கள், நாலு தடவையும் வாய்வரைக்கும் வந்தது. ஒவ்வொரு தடவையும் "குகா, பூட்டு எடுத்தாச்சுன்னு சொல்லு" என்பதோடு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்துக்கு ரயில் நிற்கும். அந்த இடைவேளையில் மேனேஜர் ஒரு காரியம் செய்தார். பள்ளி விடுமுறைக்குக் கூட்டம் வருகிறதே, எஞ்சின் இன்னும் அழகாக இருக்கட்டும் என்று, பழைய போட்டோ ஒன்றில் பார்த்த மாதிரி முன்பக்கத்தில் தண்டவாளத்து மாட்டைத் தள்ளிவிடுகிற இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்து மாட்டிவிட்டார். அரை டன் இரும்பு. தஞ்சோங் கிளிங் கடற்கரையில் தண்டவாளத்தில் படுக்க எந்த மாடு வரப்போகிறதோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

மூன்று மணி வண்டி வந்தது. குகன் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினை டேபிளில் ஏற்றி, எப்போதும் போல வெள்ளைப் பெயின்ட் கோட்டில் நிறுத்தினான். ஐம்பது அறுபது பேர் பள்ளத்தைச் சுற்றிப் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். வடிவேலு பூட்டை எடுத்தார். செய்தி குகன் வழியாகப் போய் வந்தது. இருவரும் தள்ளினார்கள். டேபிள் அசையவில்லை.

மறுபடி தள்ளினார்கள். வடிவேலுவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தால் அவர் பக்கத்துச் சக்கரம் தண்டவாளத்தில் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது.

"குகா, அந்தப் பக்கம் எப்படி இருக்குன்னு கேளு."

"ஹரிதாஸ் அண்ணே, அந்தப் பக்கம் எப்படி இருக்கு?"

"தூக்கிக்கிட்டு நிக்குதுன்னு சொல்லு."

"தூக்கிக்கிட்டு நிக்குதாம்ண்ணே."

"கொஞ்சம் பின்னால எடுக்கலாமான்னு கேளு."

குகன் எஞ்சினை அணைத்தான். இறங்கவில்லை, இருக்கையிலேயே கையைக் கட்டிக்கொண்டான்.

"போதும்லா அண்ணே. மூணு வருஷம்! என் பொண்டாட்டிகிட்ட நான் பேசினதைவிட உங்க ரெண்டு பேருக்கு நடுவுல பேசினதுதான் ஜாஸ்தி. எவ்வளவு எடுக்கணும்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னாத்தான் வண்டியை எடுப்பேன். இல்லன்னா இப்படியே கிடக்கட்டும்."

வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள், இதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள் போல. வடிவேலு கம்பைப் பிடித்தபடி நின்றார். எஞ்சினுக்கு அந்தப் பக்கம் ஹரிதாசின் கால் மட்டும் தெரிந்தது.

"ஒரு சாண் பின்னால எடுக்கலாம்" என்றார் வடிவேலு. குகனைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்தக் கால் ஒரு எட்டு முன்னால் வந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "எடுக்கலாம்."

குகன் எடுத்தான்.

"இப்ப இங்க உக்காந்துருச்சு" என்றார் ஹரிதாஸ். "ரெண்டு விரல் முன்னால."

"ஒண்ணு போதும் மாப்பிள்ள. இங்க லேசா ஆடுது."

"சரி. ஒண்ணு."

எஞ்சின் ஒரு விரல் முன்னால் நகர்ந்தது. இருவரும் தள்ளினார்கள். டேபிள் நகர்ந்தது. மாடில்லாத ஊரின் மாட்டுக் கூண்டோடு எஞ்சின் மெதுவாகத் தோப்பை விட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி, ஹோட்டலைப் பார்த்து நின்றது. "பூட்டு போடுறேன்" என்று வடிவேலு உரக்கக் கத்தினார். "போடுங்க" என்று பதில் வந்தது. மாப்பிள்ளை என்று தன் வாய் சொன்னது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது. வியர்வையைத் துடைப்பதுபோல் துண்டால் துடைத்துக்கொண்டார்.

குகன் எஞ்சினைப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓட்டிப் போய்ப் பெட்டிகளின் முன்னால் மாட்டிக் கிளம்பினான். கூட்டமும் வண்டியில் ஏறிப் போயிற்று. ஹரிதாஸ் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். வடிவேலு டேபிளின் மேலேயே நடந்து, அந்த முனையில் இறங்கி, அவர் பக்கத்தில் போய் நின்றார். அந்தச் சுண்டுவிரலை முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தார்.

"அன்னிக்கு நான் போன்லதான் பேசிக்கிட்டிருந்தேன். தப்பு என்னுது. உன் மேல பழியப் போட்டுட்டு மூணு வருஷம் ஓட்டிட்டேன்."

"தெரியும்" என்றார் ஹரிதாஸ். குழாயை மூடினார். "விரலுக்கு எனக்குக் கோவம் எப்பவோ போயிடுச்சு. போகலைன்னா தட்டத் தூக்கிக்கிட்டு வருவனா?"

"அதுவும் என் தப்புதான். இன்னொரு தடவை வருவீங்கன்னு நெனச்சேன். மாமன் முறுக்கு... உனக்குத் தெரியாததா?"

"தெரியும். நான்கூட நிர்மலாகிட்ட சொன்னேன், அண்ணன் முறுக்குறாரு, அடுத்த வாரம் மறுபடி போவோம்னு. அவதான் வரமாட்டேன்னுட்டா. விரல் போனப்பவும் எட்டிப் பாக்கல, தட்டோட போனா வீட்டையும் பூட்டிட்டாரு, இனி நான் எந்த முகத்த வெச்சுக்கிட்டுப் போறதுன்னு கேட்டா. நான் என்ன சொல்றது?" அவர் குரலிலும் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "மஸ்ஜித் தானா ஊருல கந்தசாமி அண்ணன் இருக்காருல்ல, உங்க சின்னம்மா மகன். அவரு நிக்கிறாரு மாமனா. பத்திரிகையிலயும் அவரு பேருதான் போட்டிருக்கு. சேலையெல்லாம் எடுத்துக் கொடுத்துட்டாரு."

வடிவேலு தலையை ஆட்டினார்.

ஹரிதாஸ் மோட்டார்சைக்கிள் இருக்கையைத் தூக்கி, உள்ளே இருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். சட்டைப்பையில் பேனா இருந்தது. உறையின் மேல் 'திரு வடிவேலு குடும்பத்தார்' என்று நிதானமாக எழுதி, இரண்டு கையாலும் நீட்டினார். லத்தீஃபாவுக்கும் காவலாளிக்கும் நீட்டியது போலத்தான், ஒரு குறையும் இல்லாமல்.

"வாங்கண்ணே. கட்டாயம் வரணும். பத்து மணிக்கு முகூர்த்தம். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

இருபத்தெட்டு வருடமாக மச்சான் என்று கூப்பிட்ட வாய் அது. வடிவேலு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வரேன்" என்றார். மோட்டார்சைக்கிள் கடற்கரைச் சாலையில் ஏறிப் போகிறவரைக்கும் அங்கேயே நின்றார். பிறகு தோட்டக்காரரை வைத்துக்கொண்டு மிச்சமிருந்த மூன்று வண்டிகளையும் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இந்திராதேவி அவர் கையில் இருந்த உறையைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "வந்தாங்களா? நான் இல்லாத நேரத்துல வீட்டுக்கு வந்தாங்களா?"

"இல்ல. வேலையில வெச்சுக் கொடுத்தாரு."

அவள் உறையைப் பிரித்துப் படித்தாள். கந்தசாமியின் பேர் இருந்த வரியில் கண் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு பத்திரிகையை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு, புருஷனின் முகத்தைப் பார்த்தாள். ஆறு வாரமாகத் திட்டித் தீர்த்தவள் அன்றைக்கு ஒன்றும் திட்டவில்லை. அலமாரியைத் திறந்தாள்.

"தேவிஸ்ரீ கல்யாணத்துக்குன்னு அந்தப் பச்சைப் பட்டு எடுத்து வெச்சேன். அதக் கட்டிக்கவா?"

வடிவேலு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எதையாவது கட்டு இந்திரா. நாம சாப்பிடத்தானே போறோம்" என்றார்.